தமிழ் ஆய்வுரைநடையில் ஆசிரியர்தம் தனிநடை

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வுரையில் ஆசிரியரின் குரல் கேட்கலாகாது என்னும் கருத்து இன்று பரவலாக உள்ளது. ஆயினும், தமிழ் ஆய்வுரைநடையை உருவாக்கிய அறிஞர் பலரும் தமக்கெனத் தனிநடை உடையவர்கள். அந்நடை அவர்தம் ஆய்வுமுறையின் ஒரு கூறாகவே இயங்கியமையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வுரைநடை, தனிநடை, செயல்நடை, பதிப்புரை, வினைமுற்று

முன்னுரை

1926-ஆம் ஆண்டில் தோன்றிய பிராகு மொழியியல் வட்டத்தினர், மொழியை அது ஆற்றும் பணியின் அடிப்படையில் நோக்கினர். அன்றாட உரையாடலுக்கும் அறிவியல் எழுத்துக்கும் கவிதைக்கும் வெவ்வேறு செயல்நடை உண்டு என்பது அவர்தம் கொள்கை. செயல்நடை துறையால் அமைவது. தனிநடை அத்துறையின் வரம்புக்குள் ஆசிரியர் தேர்ந்துகொள்வது. இவ்வேறுபாடு தமிழ் ஆய்வுரைநடைக்கும் பொருந்தும்.

பதிப்புரைகளில் தனிநடை

தமிழ் ஆய்வுரைநடையின் தொடக்க வடிவங்களுள் ஒன்று பதிப்புரை. சி.வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) ஏடுகள் சிதைந்தழியும் நிலையை உருக்கத்துடன் எடுத்துரைத்தார். மாற்றுக் கருத்தினரோடு நேர்நின்று வாதிட்டார். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரோ (1855–1942), ஏடு உதவியோரை நன்றியுடன் பதிவுசெய்து, அடக்கம் மேலோங்க எழுதினார். முன்னவர் நடை வழக்காடுவது. பின்னவர் நடை சான்றுகளை அடுக்கிவைப்பது. பணி ஒன்றாயினும் நடை இரண்டாயிற்று.

சொல்தேர்வும் கொள்கையும்

மறைமலையடிகள் (1876–1950) 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபின், தம் இதழான 'ஞானசாகரம்' என்பதன் பெயரை 'அறிவுக்கடல்' என மாற்றினார். முன்னர் எழுதிய நூல்களிலும் வடசொற்களை நீக்கினார். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956) வடசொற்களைத் தயக்கமின்றி ஆண்டார். நூல்களின் காலத்தைக் கணிக்க அவற்றில் பயிலும் கடன்சொற்களைச் சான்றாகக் கொண்டவர் அவர். ஆதலின் இவ்விருவர் சொல்தேர்வும் மொழி வரலாறு பற்றிய அவர்தம் நிலைப்பாட்டினின்று பிரிக்க இயலாதது.

வினைமுற்றும் பொறுப்பும்

தனிநடை நுட்பமாக வெளிப்படும் இடம் வினைமுற்று. 'என்பது தெளிவு', 'எனலாம்', 'எனக் கருத இடமுண்டு' ஆகிய மூன்றும் ஒரு பொருளன அல்ல. முதலாவது முடிந்த முடிபைக் கூறும். இரண்டாவது ஏற்புடைமையைக் குறிக்கும். மூன்றாவது சான்று போதாமையை ஒப்புக்கொள்ளும். இவற்றுள் எதனை எங்கு ஆளுவது என்பதை ஆசிரியரே தீர்மானிக்கிறார்.

இன்றைய ஆய்வேடுகளில் 'ஆராயப்பட்டுள்ளது', 'அறியப்படுகிறது' முதலிய செயப்பாட்டு வடிவங்கள் மிகுதியாகப் பயில்கின்றன. நடுநிலையைக் காட்டுவதற்கு இவை உதவும். ஆயினும் ஆராய்ந்தவர் யார், அறிந்தவர் யார் என்பதை இவை மறைத்துவிடுகின்றன. 'இப்பாடல் பிற்காலத்தது எனக் கருதப்படுகிறது' என்னும் தொடரில், அது கட்டுரையாளரின் முடிபா, முன்னோர் கருத்தா, பொதுநம்பிக்கையா என்பது விளங்கவில்லை. விளங்காத முடிபை மறுப்பதும் அரிது, ஏற்பதும் அரிது. ஆய்வு வளர்வதற்கு மறுப்பு இன்றியமையாதது. வையாபுரிப் பிள்ளையின் காலக்கணிப்புகள் கடுமையாக மறுக்கப்பட்டமைக்கு, அவர் தம் கருத்தை ஐயத்திற்கு இடமின்றித் தம்முடையதாகவே கூறியமையும் ஒரு காரணம். அம்மறுப்புகளால் கால ஆராய்ச்சி மேலும் விரிந்தது.

அதே வேளையில், தனிநடை சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. உணர்ச்சிமிக்க தொடர் வாதத்தின் குறையை மறைக்கவும் கூடும். நடையை நீக்கிப் பார்த்த பின்னரும் சான்று எஞ்சுகிறதா என்பதே இதற்குரிய சோதனை.

முடிவுரை

துறையின் செயல்நடை ஆய்வுக்கு ஒழுங்கையும் பொதுக் கலைச்சொற்களையும் தருகிறது. முடிபுக்கு உரியவர் யார், அவர் எவ்வளவு உறுதியுடன் கூறுகிறார் என்பதைத் தனிநடை காட்டுகிறது. ஆய்வு மாணவர்க்கு வடிவ ஒழுங்கைக் கற்பிப்பதோடு, தம் முடிபைத் தம் பெயரில் கூறவும் பயிற்சி அளித்தல் வேண்டும். முன்னோர் கருத்தையும் தம் கருத்தையும் வினைமுற்றாலேயே வேறுபடுத்திக் காட்டுதல் அப்பயிற்சியின் முதற்படியாகும்.