உங்கள் கிணறும் சுற்றாடல் சட்டமும்

நீண்ட காலத்தின் பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது வீட்டையும் கிணற்றையும்தான். வீடு இடிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். கிணற்று நீர் மாசடைந்திருந்தால் எப்போதும் தெரிவதில்லை. நீர், நிலம், காற்று ஆகியவற்றைப் பாதுகாக்கும் சட்டம் என்ன சொல்கிறது, பிரச்சினை வந்தால் எங்கே செல்வது என்பவற்றை இப்பகுதி விளக்குகிறது.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை

இவ்வதிகாரசபை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குக் கூடுதலான அதிகாரங்களை வழங்கியது. அவற்றில் நீங்கள் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியவை இரண்டு.

1. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம்: கழிவு நீர், புகை, தூசு, இரைச்சல் போன்றவற்றை வெளியேற்றுவதாக வர்த்தமானியில் குறிப்பிடப்பட்டுள்ள தொழில்களை இந்த அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்த முடியாது. குறைந்தளவு மாசு ஏற்படுத்தும் தொழில்களுக்கு உங்கள் பிரதேச சபை அல்லது நகர சபையே இதனை வழங்குகிறது. ஏனையவற்றுக்கு அதிகாரசபை வழங்குகிறது. நிபந்தனைகளை மீறினால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யலாம்.

2. சுற்றாடல் தாக்க மதிப்பீடு: பாரிய திட்டம் ஒன்றைத் தொடங்குமுன் அதனால் ஏற்படக்கூடிய பாதிப்புகளை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்க வேண்டும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்தல் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் தமது கருத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். நீங்கள் இன்னும் முகாமிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருந்தாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு.

சுன்னாகத்தில் நடந்தது

யாழ். குடாநாட்டில் பெரிய ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. மேலே ஊற்றப்படுவதும் அதே வழியால் இறங்கிவிடும். சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்ததை அடுத்து 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பில், பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தமது கடமையில் தவறியதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. மக்கள் முறையிட வேண்டியும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கைவிடப்பட்ட கிணற்றில் சந்தேகத்துக்குரிய பொருள் எதுவும் தென்பட்டால் தொடாதீர்கள், இறங்காதீர்கள். உடனே கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

• இறைத்து, சேறு அகற்றி, குளோரின் இட்ட பின்னரே கிணற்று நீரைப் பாவியுங்கள். குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

• கரையோரக் கிணறுகளை ஒரேயடியாக இறைக்க வேண்டாம். அங்கே நன்னீர், உவர் நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறிவிடும்.

• மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமையுங்கள். 30 மீற்றர் (ஏறத்தாழ 100 அடி) இடைவெளி நல்லது. உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அயலவரின் கிணற்றுக்கும் இந்த இடைவெளியைப் பாருங்கள்.

• கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் எண்ணெயோ உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வரும் நைத்திரேற்றோ நீங்காது. நைத்திரேற்று அதிகமான நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. ஆகவே நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

• காணி துப்புரவு செய்யும்போது பிளாஸ்டிக், பொலித்தீன் கழிவுகளை எரிக்காதீர்கள். குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

யாரிடம் செல்வது?

கிணறு, மலசலகூடம்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.
குடிநீர்ப் பரிசோதனை: தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை.
குப்பை, சிறு தொழில்களின் கழிவு: பிரதேச சபை அல்லது நகர சபை.
தொழிற்சாலைக் கழிவு, புகை, இரைச்சல்: மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம், அல்லது பிரதேச செயலகத்தில் உள்ள சுற்றாடல் உத்தியோகத்தர்.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். தமிழில் எழுதலாம். இடம், கண்ட நாள், நீரின் நிறம் அல்லது மணம், பாதிக்கப்பட்ட கிணறுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அயலவர்களும் சேர்ந்து கையொப்பமிடுவது நல்லது. ஒரு பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் பெற்று, காணி உறுதியுடன் பத்திரமாக வைத்திருங்கள். பின்னர் மேலிடத்துக்கோ நீதிமன்றத்துக்கோ செல்ல நேர்ந்தால், நீங்கள் எப்போது அறிவித்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.