தவளை நீச்சலில் ஒரு பந்தயம்

கிணற்றிலும் குளத்திலும் நீந்துபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவார்கள். சிலர் இரண்டு கைகளையும் ஒன்றாக முன்னே நீட்டுவார்கள். இரண்டையும் ஒன்றாக விலக்கித் தண்ணீரைத் தள்ளுவார்கள். கால்கள் தவளையின் கால்களைப் போல மடங்கி விரியும். ஊரில் இதைத் தவளை நீச்சல் என்பார்கள். விளையாட்டுப் போட்டிகளில் இதற்கு மார்பு நீச்சல் என்று பெயர்.

இது மிகப் பழைய நீச்சல். 1875-ஆம் ஆண்டில் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலை நீந்திக் கடந்தார். ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று. அவர் நீந்தியது மார்பு நீச்சல்தான்.

ஐதராபாத்துக்கு வந்த வீரர்கள்

ஐதராபாத் என்றால் சார்மினார் நினைவுக்கு வரும். அந்த நகரம் பெரிய விளையாட்டு விழாக்களையும் நடத்தியிருக்கிறது. 2002-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. 2003-இல் ஆப்பிரிக்க ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன.

2007 அக்டோபர் 14 முதல் 21 வரை உலக ராணுவ விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. சுமார் 100 நாடுகளின் ராணுவ வீரர்கள் ஐதராபாத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் இந்தப் போட்டிகள் மூன்று முறை நடந்திருந்தன. மூன்றும் ஐரோப்பாவில்தான். ஆசியாவில் நடந்தது இதுவே முதல் முறை. 'விளையாட்டின் மூலம் நட்பு' என்பது இந்தப் போட்டிகளின் குறிக்கோள். துப்பாக்கி பிடித்த கைகள் இங்கே நீச்சல் குளத்தில் போட்டியிட்டன. ஆண்களுக்கான மார்பு நீச்சல் பந்தயமும் அதில் உண்டு.

பந்தயம் எப்படி நடக்கிறது?

பெரிய போட்டிகளில் குளத்தின் நீளம் 50 மீட்டர். மிதக்கும் கயிறுகளைக் கட்டி அதைப் பல பாதைகளாகப் பிரிப்பார்கள். இறுதிப் போட்டியில் 8 பேர் நீந்துவார்கள். ஒருவருக்கு ஒரு பாதை. பந்தயத் தூரம் 50, 100, 200 மீட்டர் என்று மூன்று வகை. 100 மீட்டர் என்றால் ஒரு முறை போய்த் திரும்ப வேண்டும். 200 மீட்டர் என்றால் இரண்டு முறை போய்த் திரும்ப வேண்டும்.

மார்பு நீச்சலில் நான்கு வேலைகள் மாறி மாறி வரும். கைகளால் தண்ணீரை இழுக்க வேண்டும். தலையைத் தூக்கி மூச்சு வாங்க வேண்டும். கால்களால் உதைக்க வேண்டும். பிறகு உடலை நீட்டிக்கொண்டு முன்னே வழுக்கிச் செல்ல வேண்டும்.

போட்டி நீச்சல்களில் இதுவே மெதுவானது. ஏன்? கைகளை முன்னே கொண்டுபோகும்போதும் அவை தண்ணீரிலேயே கிடக்கின்றன. கால்களை மடக்கும்போது தொடை தண்ணீரை எதிர்க்கிறது. வேகம் குறைகிறது. 2019-இல் இங்கிலாந்தின் ஆடம் பீட்டி 100 மீட்டர் மார்பு நீச்சலை 56.88 வினாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தார். 2024-இல் சீனாவின் பான் சான்லே கைகளை மாற்றி வீசும் நீச்சலில் அதே தூரத்தை 46.40 வினாடியில் கடந்தார். 10 வினாடி வித்தியாசம்!

வேகம் மட்டும் போதாது

இந்த நீச்சலில் கட்டுப்பாடுகள் அதிகம். இரண்டு கைகளும் ஒன்றாக அசைய வேண்டும். இரண்டு கால்களும் ஒன்றாக உதைக்க வேண்டும். சுவரைத் தொடும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் குற்றம். நடுவர்கள் குளத்தின் ஓரத்தில் நின்று கவனிப்பார்கள். தவறு செய்தவர் முதலில் வந்தாலும் அவருக்குப் பதக்கம் கிடையாது.

இத்தனை விதிகள் எப்படி வந்தன? வீரர்கள் புதுப் புது வழி தேடினார்கள். சிலர் கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி முன்னே வீசினார்கள். வேகம் கூடியது. அது வேறு நீச்சலாகிவிட்டது. 1952-இல் அதைப் பிரித்து, வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்று தனியாக வைத்தார்கள்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு புருகாவா பெரும்பகுதி தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். அப்போது அதற்குத் தடை இல்லை. நெடுநேரம் மூச்சை அடக்குவது ஆபத்து. அதன் பிறகு அதைத் தடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் தலை தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும்.

2004-இல் இன்னொரு சர்ச்சை. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கொசுகே கிடாஜிமா 100 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் தண்ணீருக்குள் டால்பின் போலக் கால் அடித்தார் என்று அமெரிக்க வீரர் ஒருவர் குறை சொன்னார். பதக்கம் அவரிடமே இருந்தது. மறு ஆண்டு விதி மாறியது. குதித்த பிறகும், திரும்பிய பிறகும் ஒரு முறை மட்டும் அப்படி அடிக்கலாம் என்றார்கள். விதி தெளிவானது. அது எல்லாருக்கும் பொதுவானது.

ஓரப் பாதையில் ஒரு தங்கம்

இந்தியாவிலும் மார்பு நீச்சலில் பெயர் பெற்றவர் உண்டு. அவர் டில்லியைச் சேர்ந்த சந்தீப் செஜ்வால். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் நீந்தினார். பதக்கம் கிடைக்கவில்லை. அவர் விட்டுவிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2014-இல் தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசியப் போட்டிகள் நடந்தன. 50 மீட்டர் மார்பு நீச்சலை 28.26 வினாடியில் கடந்து வெண்கலப் பதக்கம் பெற்றார்.

அந்தப் பந்தயத்தில் தங்கம் வென்றவர் கஜகஸ்தானின் திமித்ரி பலாந்தின். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டர் இறுதிப் போட்டிக்குக் கடைசி ஆளாகத் தேர்வானார். முந்தைய சுற்றில் வேகமாக நீந்தியவர்களுக்கு நடுப் பாதை கிடைக்கும். அவருக்குக் கிடைத்தது 8-ஆம் பாதை, குளத்தின் ஓரம். யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவரே முதலில் சுவரைத் தொட்டார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.07 வினாடி. ஒரு வினாடியை 100 பங்காகப் பிரித்தால் அதில் 7 பங்கு. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. நீச்சலில் அவருடைய நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.

நடுப் பாதைக்கும் ஓரப் பாதைக்கும் தூரம் ஒன்றுதான். விதியும் ஒன்றுதான். அதனால்தான் கடைசியாக வந்தவரும் முதலாவதாக வர முடிந்தது.

பேசிப் பாருங்கள்

1. சுவரை ஒரு கையால் தொட்டு முதலில் வந்தவருக்குப் பரிசு கொடுக்கலாமா? ஏன்?
2. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் யார் சொல்லித் தருகிறார்கள்? பெண் பிள்ளைகளும் கற்கிறார்களா?