மிஷனரி இல்லாத ஒன்பது ஆண்டுகள்

மயிலாடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கற்சிற்பம். உளிச்சத்தம் காதில் விழாமல் அந்த ஊரைக் கடப்பது கடினம். தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை வேர்பிடித்ததும் அங்கேதான். அதன் தொடக்கக் காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. முதல் இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்தச் சபைக்கு மிஷனரியே கிடையாது.

மயிலாடிக்காரரான மகாராசன், சிதம்பரத்துக்குப் புனிதப் பயணம் போனவர். வழியில் தஞ்சாவூரில் தங்கியபோது மிஷனரி கோல்காஃப் ஐயரின் போதனையைக் கேட்டார். 1799இல் வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்று, சில புத்தகங்களுடன் ஊர் திரும்பினார். ஊரில் ஆலயம் இல்லை, குருவானவரும் இல்லை. சொந்தக்காரர்களை வீட்டில் உட்காரவைத்து, கொண்டுவந்ததை வாசித்துக் காட்டினார், ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். எதிர்ப்பு வலுத்து, ஊரைவிட்டே போய்விடலாமா என்று யோசிக்கும் நிலையும் வந்தது. தரங்கம்பாடி வரை போய் ஒரு போதகரை அனுப்பச் சொல்லிக் கேட்டவரும் அவரே. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் மயிலாடிக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு சிறு சபை ஏற்கெனவே அங்கே காத்திருந்தது.

ரிங்கல்தௌபே அவசரக்காரர் அல்லர். வரிச்சுமைக்குப் பயந்தும், வழக்கு வம்பில் துணை தேடியும் வந்தவர்களை அவர் உடனே ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துப் போகவில்லை. கற்கச் சொன்னார், காத்திருக்கச் சொன்னார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சுற்றுவட்டாரத்தில் சபைகளும் பள்ளிக்கூடங்களும் முளைத்தன. வந்த சம்பளத்தில் பெரும்பகுதி அவற்றுக்கே போனது. 1816இல் உடல் தளர்ந்து அவர் புறப்பட்டபோது பொறுப்பு முழுவதும் வேதமாணிக்கத்தின் கைக்கு வந்தது. அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேர 1818 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் சபைகள் கலைந்துபோகவில்லை. இன்று மயிலாடியில் நிற்கும் ஆலயம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கியிருக்கிறது: ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம்.

சபை கலையாமல் இருந்ததற்குக் காரணம் உபதேசியார்கள். நாஞ்சில் நாட்டுச் சபைகளில் இன்றும் புழங்கும் சொல் இது. உபதேசியார் ஊர்க்காரர்; யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பையன்களுக்கு அகரம் கற்றுக்கொடுப்பார், பெரியவர்களுக்கு வேதபாடம் சொல்வார், இரவில் இறந்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். வேதாகமத்தில் வரும் ‘சீஷன்’ என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் ‘கற்பவன்’ என்றே பொருள். கற்பவனுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உபதேசியார்.

கற்றல் வேதபாடத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு சரிகைப் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியில் அடிமை நிலையிலிருந்து விடுதலையை வாங்கிய பெண்கள் உண்டு. தோள்சீலைக்காகப் பல்லாண்டு அடிபட்டு, 1859இல் மேலுடை அணியும் உரிமைக்கான அரசாணையைப் பெற்ற போராட்டத்திலும் இப்படிப் படித்த வீடுகளின் பெண்கள் முன்னே நின்றார்கள். சீஷத்துவம் என்றால் என்ன என்று நாஞ்சில் நாட்டில் யாராவது கேட்டால், இந்தப் பெண்களைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

உபதேசியார் செய்த வேலையைக் கத்தோலிக்கத் தரப்பில் அன்பியங்கள் செய்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வளர்ந்த அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்களுக்குத் தமிழகம் வைத்த அழகான பெயர் அது. கோட்டாறு மறைமாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றில் அன்பியம் கூடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். சுருட்டிவைத்த வலைக்கு அருகே பாய் விரித்திருக்கும். முக்காலியில் விவிலியம், மெழுகுவர்த்தி. ஒருவர் நற்செய்திப் பகுதியை வாசிப்பார். மனதில் தைத்த சொல்லை ஆளாளுக்குச் சத்தமாகச் சொல்வார்கள். “எக்கா, அந்த எடத்த இன்னொருக்க வாசி” என்று ஓர் இளம்பெண் கேட்பாள். பிறகு அமைதி. அப்புறம்தான் பேச்சு: வட்டிக்கடன், குடிப்பழக்கம், ஆஸ்பத்திரியில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரர். யார் போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்யாமல் கூட்டம் கலையாது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறை இது. நம் கடற்கரையில் அது ஊர்வழக்காகவே ஆகிவிட்டது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, எந்த வீட்டில் யார் கடலுக்குப் போனார், யார் திரும்பவில்லை என்ற பட்டியலைக் கடலோரப் பங்குகள் திரட்டித் தந்தன. வீடுவீடாக ஒருவரையொருவர் அறிந்திருந்த ஊர்களுக்கே இது கைகூடும்.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்களில் 46.85 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆலயங்களுக்குக் குறைவில்லை, கன்வென்ஷன் பந்தல்களுக்கும் குறைவில்லை. குறைந்துவருவது பக்கத்தில் உட்காரும் ஆள். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, திடப்படுத்தல் முடிந்து கல்லூரிக்கோ வேலைக்கோ போனதும் சபையின் கண்ணில் படுவதில்லை. அவன் பெயர் சந்தா நோட்டில் மட்டும் இருக்கும். ஒலிபெருக்கிக்கும் கோபுரத்துக்கும் பட்ஜெட் போடும் கமிட்டிகள், உபதேசியாரின் சம்பளத்தைக் கடைசி வரியில் வைப்பது வருத்தத்துக்குரியது.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் தேவைப்படாது. இந்த ஆண்டு திடப்படுத்தல் பெறும் பிள்ளைகளின் பட்டியலைச் சபைக் கமிட்டி கையில் எடுக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அதே தெருவில் குடியிருக்கும் ஒரு மூத்தவரின் பெயரை எழுதட்டும். மாதம் ஒருமுறையாவது அந்தப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரும்படி அவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.