இடுப்புப் பெருநரம்பு

நம் உடலிலுள்ள நரம்புகளுள் மிகப் பருமனானது இடுப்புப் பெருநரம்பு. ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலமுடைய இதனை மருத்துவர் சையாட்டிக் நரம்பு என்பர். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியினின்று புறப்படும் 5 நரம்பு வேர்கள் இடுப்புக்கூட்டினுள் ஒன்றுகூடி இந்நரம்பாகின்றன. அக்கூட்டின் பின்புறத்தே ஒரு வாயில் உண்டு. பேரிக்காய் வடிவத் தசையொன்று அதன் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அத்தசைக்குக் கீழேயுள்ள இடைவெளி வழியே நரம்பு வெளிப்பட்டுப் பிட்டத்தை அடைகிறது. சிலர்க்கு அதன் ஒரு பகுதி தசையையே ஊடுருவி வருவதும் உண்டு. இயற்கை எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதில்லை அன்றோ! பின்னர்த் தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது.

பிட்டத்தில் ஊசி போடுவோர் அதன் மேற்புற வெளிமூலையையே நாடுவது இதனாலேயே. கீழே குத்தினால் ஊசி நரம்பில் படக்கூடும். பட்டால் பாதத்தைத் தூக்கும் ஆற்றல் குன்றி, நடக்கையில் கால்விரல்கள் தரையில் இழுபடும்.