எரிமலையின் அடியில் எழும் மெல்லிய அதிர்வு

எரிமலை சீறுவதற்கு முன் ஏதேனும் அறிகுறி காட்டுமா? அதன் அடிவாரத்தில் வாழும் மக்களுக்கு இஃது உயிரைப் பற்றிய வினா. பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ எரிமலை பல நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்து, 1991ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. நீராவி, வாயுக்கள், மலையின் மேற்பகுதியில் எழுந்த நடுக்கங்கள் முதலியவற்றைக் கண்டு பல்லாயிரம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதனால் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. அவ்வெடிப்புக்குச் சில வாரங்கள் முன்னதாக, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழத்திலும் நூற்றுக்கணக்கான மெல்லிய அதிர்வுகள் நிகழ்ந்தன என்பது பதிவுகளை ஆராய்ந்தபோது புலப்பட்டது.

இவற்றைத் தாழ் அதிர்வெண் நிலநடுக்கங்கள் என்பர். பாறை முறிந்து நழுவுவதால் உண்டாகும் சிறு நிலநடுக்கம் கருவியில் சட்டெனத் தொடங்கி, விரைந்த துடிப்புகளுடன் பதிவாகும். இவையோ வினாடிக்கு ஒன்று முதல் ஐந்து துடிப்புகள் அளவே உடையவை. மெல்லத் தொடங்கி மெல்ல மறைபவை. ஆழத்திலுள்ள பாறைக் குழம்பும் அதினின்று பிரியும் வாயுக்களும் நகர்வதோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். ஆயினும், கடலலை, காற்று, வண்டிப் போக்குவரத்து ஆகியவற்றால் எழும் நடுக்கமும் அதே கருவியில் பதிவாவதால், இம்மெல்லிய அதிர்வு அவற்றுள் மறைந்துவிடுகிறது.

அதனைக் கண்டறிவது எங்ஙனம்? ஹௌரா ரயில் நிலையத்தின் நடைமேடையை எண்ணிப் பார்ப்போம். அத்தனை இரைச்சலுக்கிடையே எவரேனும் தாழ்ந்த குரலில் தமிழில் ஒரு சொல் சொன்னாலும் நம் செவி அதனைப் பற்றிக்கொள்கிறது. அக்குரல் உரத்து ஒலித்ததனால் அன்று. அச்சொல்லின் வடிவம் நமக்கு முன்பே பழக்கமானதனால்.

விஞ்ஞானிகள் கையாளும் முறையும் இத்தகையதே. முன்னர்த் தெளிவாகப் பதிவான ஓர் அதிர்வின் அலை வடிவத்தை மாதிரியாகக் கொள்வர். இடைவிடாது எடுக்கப்பட்ட நெடும்பதிவின் மீது அதனைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கணிப்பொறி அளவிடும். முற்றிலும் பொருந்தினால் 1; தொடர்பே இல்லையெனில் 0. ஒரு நிலையத்தில் மட்டும் காணும் ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆதலால், மலையைச் சூழ்ந்த பல நிலையங்களின் பதிவுகளை, அலை ஒவ்வொன்றையும் வந்தடையும் கால வேற்றுமையைக் கணக்கிற்கொண்டு சேர்த்துப் பார்ப்பர். இரைச்சல் இடத்துக்கு இடம் மாறும்; உண்மையான அதிர்வு எல்லா நிலையங்களிலும் உரிய நேரத்தில் பொருந்தி நிற்கும். ஜப்பானின் கிரிஷிமா எரிமலைத் தொகுதியில், பட்டியலில் இடம்பெறாதிருந்த பல அதிர்வுகள் இம்முறையால் வெளிப்பட்டன. ஆனால், மாதிரியை ஒத்தவையே இவ்வலையில் சிக்கும். புதுவகை அதிர்வுகள் தப்பிவிடும்.

கண்டறிந்த அதிர்வெல்லாம் அபாய அறிவிப்பு ஆகுமா? ஆகாது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா எரிமலை கடைசியாக வெடித்துச் சுமார் 4,500 ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் அதன் அடியில், 20 முதல் 25 கிலோமீட்டர் ஆழத்தில், 7 முதல் 12 நிமிடங்களுக்கு ஒரு முறை மெல்லிய அதிர்வு நெடுங்காலமாக எழுந்து வருவதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் எண்ணப்பட்டவை பத்து லட்சத்துக்கும் அதிகம். குழம்பு குளிர்ந்து இறுகும்போது வெளிப்படும் வாயுக்களே இதற்குக் காரணம் என்பது அவ்வாய்வாளர் முடிவு. பினாட்டுபோவில் முன்னறிகுறியாக நின்றது, இங்கு அன்றாட இயல்பாக இருக்கிறது.

ஆகவே, அதிர்வுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அம்மலையின் வழக்கம் யாது, அது மாறியது எப்போது என்பதை அறிதல் வேண்டும். அந்தமான் கடலில், மக்கள் குடியில்லாத பாரன் தீவின் எரிமலை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்து அதே 1991இல் மீண்டும் விழித்தது. அடங்கிய மலை அவிந்த மலை அன்று. அது அமைதியாக உள்ள ஆண்டுகளிலேயே பதிவுகளை இடையறாது திரட்டி வைத்தால்தான், மாறுதல் தோன்றும் நாளில் மக்களை எச்சரிக்க இயலும்.