நாளும் ஒரு பக்கம்

சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் புறநகர் இரயில் ஆரம்பாக்கத்தைக் கடந்தால் அடுத்த நிலையம் தடா. மாநிலம் மாறிவிடுகிறது; ஆயினும் பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று இருபுறமும் ஒன்றாகவே வீசுகிறது. பிழைப்பின் பொருட்டு இங்கே குடியேறி, வீட்டிலே தமிழும் வீதியிலே தெலுங்குமாக வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நாவலுக்கு வேண்டிய செய்தி உண்டு. பாட்டனார் எந்த ஊரைவிட்டுப் புறப்பட்டார், பாட்டியார் எந்தப் பாத்திரங்களை மூட்டை கட்டினார், முதல் இரவு யார் வீட்டுத் திண்ணையில் கழிந்தது என்பன யாவும் நாம் கேட்டறிந்த கதைகளே. "ஓய்வு கிடைக்கட்டும், எழுதலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். ஓய்வு வந்து சேரும்போதோ, கதை சொல்ல வேண்டிய பாட்டியார் இருப்பதில்லை.

நாவல் எழுதியோர் எல்லாரும் ஓய்வு மிகுந்தவர்களா? அல்லர். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கே மேசைமுன் அமர்வார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். நாட்கடன்போல் அதனைச் செய்து வந்தமையால் 47 நாவல்களை எழுதி முடித்தார்.

நமக்கு அணித்தான சான்று அசோகமித்திரன். 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தையார் நிஜாம் இரயில்வே ஊழியர். நம் பிள்ளைகளைப் போலவே, வீட்டு மொழி ஒன்றும் வீதி மொழி வேறுமாக வளர்ந்தவர். தந்தையார் மறைந்தபின் 1952-இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை பணியாற்றினார். தனி அறையும் அமைதியும் வாய்க்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தியாகராய நகர்ப் பூங்காவில் அமர்ந்தே பல பக்கங்களை எழுதினார். 1948-இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த காலத்தின் கொந்தளிப்பை இளமையில் நேரிற் கண்டவர், அதனை 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்னும் நாவலாக 1977-இல் தந்தார். அதிலே பெரிய வரலாறு மேடையேறிப் பேசுவதில்லை. கிரிக்கெட் ஆடும் ஒரு மாணவன் கண்டதும் அஞ்சியதுமே கதையாகின்றன. எதனை எழுதுவது என்று திகைப்போர்க்கு இஃது ஒரு நல்ல வழி: ஊரையெல்லாம் எழுத முயலாமல், அவ்வூரிலே ஒருவர் கண்டதை எழுதலாம்.

எதிர்த்திசைப் பயணத்தை எழுதியவர் கி. ராஜநாராயணன். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தோரின் வழிவந்தவர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் உழவராக வாழ்ந்தவர். முதற் சிறுகதை வெளிவந்தது 1958-இல். 'கோபல்ல கிராமம்' வந்தபோது (1976) ஐம்பது வயதைக் கடந்திருந்தார். தம் மக்கள் ஊர்விட்டு வந்த வரலாற்றை அந்நாவலில் மிக முதிய பூட்டி ஒருத்தியின் வாயால் சொல்ல வைக்கிறார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி அவர் ஓர் அகராதியும் ஆக்கினார். அத்துணைக் கூர்மையான செவி அவருடையது.

இவ்விருவரிடமிருந்தும் நாம் கொள்ளத்தக்க பழக்கங்கள் எளியவை. மடியில் அடங்கும் குறிப்பேடு ஒன்று வேண்டும். பெரியோர் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இடையே தெலுங்குச் சொல் கலந்து வருமாயின், அதனை நீக்க வேண்டா. அதுவே நம் வாழ்க்கையின் உண்மை. பிறகு, நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு பக்கம் எழுத வேண்டும். பக்கத்துக்கு 200 சொற்கள் எனினும், 300 நாட்களில் 60,000 சொற்கள்; அஃது ஒரு நடுத்தர நாவலின் அளவு.

எழுத எழுத நேற்றைய பக்கம் குறையுடையதாகத் தோன்றும். திருத்தப் புகுந்தால் முதல் அதிகாரத்திலேயே ஆண்டு கழிந்துவிடும். முடிவு வரை எழுதிவிட்டுத் திருத்துவதே முறை. அன்றன்று நிறுத்தும்போது, அடுத்து என்ன நிகழும் என்பது தெரிந்த இடத்தில் நிறுத்துக என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே அறிவுறுத்தினார். மறுநாள் வெறுந்தாளைக் கண்டு மயங்காதிருக்க அது உதவும். எழுதி முடித்தபின் வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். "நாங்கள் அப்படிப் பேசமாட்டோமே" என்று பாட்டியார் சொன்னால், அவ்விடத்தைத் தயங்காது மாற்றிவிடலாம்.

எழுதும் எல்லாம் அச்சேறும் என்று நாம் உறுதி கூறவில்லை. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமே பயில்கின்றனர். தம் குடும்பம் ஏன் எல்லை கடந்தது என்பதை நாளை அவர்கள் கேட்பார்கள். அன்று கையில் எடுத்துக் கொடுக்க ஒரு கட்டுத் தாளேனும் நம்மிடம் இருக்க வேண்டாவா? ஆகவே, அன்பர்களே, இன்றிரவு உணவு முடிந்ததும் வீட்டுப் பெரியவர் அருகே அமர்ந்து, "அன்று எந்த வண்டியில் வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் கூறும் விடையே முதற் பக்கமாகட்டும்.