கல்லும் சட்டுவமும்

நாகர்கோவிலுக்கு வருகிறவர்களில் பலர் கன்னியாகுமரிக்குப் போகிற வழியில்தான் அவ்வூரைப் பார்க்கிறார்கள். முக்கடலில் சூரியோதயம் காணும் அவசரம் முதலாவது. சுசீந்திரத்துத் தாணுமாலயனைத் தரிசிக்கும் ஆவல் இரண்டாவது. வயிற்றைப் பற்றிய சிந்தனை மூன்றாவதாக வருகிறது. அடியேனுக்கோ அது எப்போதும் முதலாவதாகவே வந்துவிடும். அந்தத் துர்ப்பழக்கத்தின் பயனாகத்தான் வடசேரியில் ஒரு சந்துக்குள் அந்தக் கடையைக் கண்டேன்.

கடை என்றா சொன்னேன்? வீட்டுத் திண்ணை என்பதே பொருந்தும். பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு பெஞ்சுகள், ஒரு விறகடுப்பு, அதன்மேல் கன்னங்கரேலென்று ஓர் இரும்புக் கல். ஆச்சி அடை வார்க்கிறார். மகள் இலை போட்டு அவியல் பரிமாறுகிறார். பேரன் காசு வாங்குகிறான். குடும்பத்தில் சும்மா இருப்பது பூனை ஒன்றுதான்.

“முருங்கையிலை போடட்டா, ஈருள்ளி போடட்டா?” என்று ஆச்சி கேட்டார்.

“இரண்டும் போட்டால் என்ன?” என்றேன்.

“உங்க இஷ்டம், வயிறு உங்களுதுல்லா!” என்று சொல்லிச் சட்டுவத்தால் மாவைப் பரப்பித் தேங்காயெண்ணெயைச் சுற்றிலும் விட்டார். அரிசியும் பருப்பும் மிளகாயும் கரகரவென்று அரைத்த மாவு. விளிம்பு முறுகலாகவும் நடுவே மெத்தென்றும் வந்த அந்த அடையைப் பற்றி அதிகம் வர்ணித்தால், நேயர்கள் அடுக்களையில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய நேரிடும்.

“இது அம்மை போட்ட கல்லு” என்றார் ஆச்சி. “அரிசி கிடைக்காத காலத்துல மரச்சீனி மாவைக் கலந்து வாத்தாளாம். அப்பா போனப்புறம் எங்க மூணு பேரையும் இந்தக் கல்லுதான் வளத்துச்சு.”

அரிசி கிடைக்காத காலம் எது? அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது; அந்த ராஜ்யத்தின் நெற்களஞ்சியம் என்றும் பெயர் பெற்றிருந்தது. ஆயினும் ராஜ்யம் முழுவதற்கும் அந்த நெல் போதாது. பர்மா அரிசி கப்பலில் வரவேண்டும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது, மரச்சீனிக் கிழங்கு ஏழைகளின் உயிரைக் காத்தது.

விந்தை என்னவென்றால், அதே யுத்தம் ஜப்பானிலும் ஏழைப் பெண்களை இரும்புக் கல்லின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், அரிசி அருமையாயிருந்த நாட்களில், அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவைக் கரைத்து, முட்டைக்கோசை மேலே குவித்து வாட்டி விற்றார்கள். கணவனை இழந்த பல ஸ்திரீகள் தங்கள் வீட்டு முகப்பையே கடையாக்கினார்கள். நம்மூரில் பெயரோடு ‘அக்கா’ சேர்ப்பதுபோல், தங்கள் பெயரோடு ‘சான்’ என்ற செல்லச் சொல்லைச் சேர்த்துக் கடைக்கு வைத்தார்கள். அத்தகைய பெயர்களை அந்நகரில் இன்றும் காணலாம். பிற்காலத்தில் சேமியா போன்ற நூலப்பமும் முட்டையும் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. கல்லிலிருந்தே சிறு சட்டுவத்தால் வெட்டிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். பண்டத்தின் பெயர் ‘ஒகொனோமியாகி’. ‘உமக்குப் பிடித்ததைப் போட்டுச் சுட்டது’ என்று பொருள். வடசேரி ஆச்சி கேட்டதும் அதுதானே!

யுத்தம் செய்தவர்கள் சரித்திரத்தில் இடம் பெற்றார்கள். அந்த யுத்தத்தினால் பசித்த குழந்தைகளுக்குச் சோறு போட்டவர்களுக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை.

நான் எழுந்திருக்கும்போது கனவான் ஒருவர், “ஓர் அடைக்கு இவ்வளவா?” என்று பேரனோடு வாதாடிக்கொண்டிருந்தார். பெரிய ஹோட்டலில் இதைப்போல் இருமடங்கு கேட்டாலும் வாய் திறவாமல் கொடுத்து, தட்டில் சில்லறையும் வைத்துவிட்டு வருகிறவர்தாம் அவர். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மகள் மட்டும் மெல்லிய குரலில், “அம்மைக்கப்புறம் இதைத் தொடரணுமான்னு யோசனையா இருக்கு” என்றார்.

நேயர்களே, நாஞ்சில் நாட்டுக்குப் போனால் இத்தகைய திண்ணை ஒன்றைத் தேடிப் பாருங்கள். கேட்ட காசைக் கொடுங்கள். அந்தக் கல் ஆறிப்போனால் மறுபடி மூட்டுவதற்கு இன்னொரு ஆச்சி கிடைக்கமாட்டார்.